அவுக யாரென்று கேட்கிறார்கள்

சிகாகோ,
14.6.1958

அன்புள்ள வடிவாம்பாளுக்கு,

இங்கே நான் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டதா?

என் விசாவை இன்னும் ஓராண்டு நீட்ட வேண்டும் அல்லவா? வெளிநாட்டு மாணவர்களுக்கு வழிகாட்ட இந்தப் பல்கலைக்கழகத்தில் மிஸ் ஹார்லன் என்று ஓர் அம்மாள் இருக்கிறார். நான் ஊர் திரும்புவேன் என்று நீ எழுதி அனுப்பியதை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். "அவுக படிப்பு முடிஞ்சதும் தென்காசிக்கு வந்துருவாக" என்று எழுதியிருந்தாயே, அதைத்தான்.

"யார் வருவார்? உன் பெயரையே காணோமே" என்றார். எங்கள் பக்கம் மனைவி கணவன் பெயரைச் சொல்லமாட்டாள் என்றேன். உடனே நாற்காலியைக் கிட்டே இழுத்துக்கொண்டு, "திருவிழாக் கூட்டத்தில் நீ தொலைந்துபோனால் எப்படிக் கூப்பிடுவாள்?" என்று கேட்டார். "'ஏங்க' என்பாள். பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், குரல் தெரிந்து நான் மட்டும் போவேன்" என்றேன்.

பயப்படாதே, இன்னும் நாள் இருக்கிறது. பெயர் போட்டு இன்னொரு கடிதம் எழுதினால் போதும். ஆனால் தம்பி குத்தாலிங்கத்தை எழுதச் சொல்லாதே. கவர் மேல் விலாசம் எழுதுவதும் அவன்தானே. உன் கையெழுத்தில் என் பெயரை நான் பார்த்ததே இல்லை.

கொஞ்சம் சுக்குப்பொடியும் அனுப்பு. வகுப்புக்கு நேரமாகிவிட்டது. நீ எழுத வேண்டிய பெயர் இதுதான், பார்த்து எழுது:

தாணுமாலயன்