குசினிக் கதவுக்குப் பின்னால்

பெப்ரவரி 24, திங்கள்

மகள் ஆஸியாவின் வெள்ளைச் சட்டையில் சின்னவன் ஸஜ்ஜாத் பருப்புக் கையைத் துடைத்துவிட்டான். அயன் பண்ணி வைத்திருந்தது அந்த ஒரு சட்டைதான். வாசலில் முஸம்மில் த்ரீவீலரை ஸ்டார்ட் பண்ணிவிட்டு ஹோர்ன் அடிக்கிறான். தோளில் மஞ்சள் கறையைக் கழுவி, ஈரத்தோடு மாட்டி அனுப்பினேன். அந்த நேரம் பார்த்து இவர் அறைக்குள்ளிருந்து, "என்ட சொக்ஸ் எங்க?" என்கிறார். என் தலையில் இருக்கு என்றேன். உண்மையாகவே என் தலையைப் பார்த்தார்.

வருகிற கிழமை நோன்பு. முஸ்லிம் பாடசாலைகளுக்கெல்லாம் லீவு. ஆஸியா முதலாம் வகுப்புக்குப் போவது வீட்டுக்குக் கிட்ட இருக்கிற தமிழ்ப் பாடசாலைக்கு, அங்கே லீவு கிடையாது. ஆக, விடியுமுன் ஸஹருக்குச் சமைத்து, ஆஸியாவுக்கு இடைவேளைச் சாப்பாடு கட்டி, ஸஜ்ஜாதுக்கு ஊட்டி, கழுவி, பின்னேரம் நோன்பு துறக்கப் பொரிக்கவும் வேண்டும். கிட்ட இருக்கிற பாடசாலைதான் வசதி என்று பிடிவாதமாக நின்றவள் நான். யாரையும் ஏசக்கூட வழியில்லை. அதனால் இன்னும் எரிச்சல்.

மார்ச் 1, சனி

பிறை கண்டாச்சு. ஹாஷிமும் அவர் தம்பி முஸம்மிலும் குளித்து, அத்தர் பூசி, தறாவீஹ் தொழுகைக்குப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறேன். ரமழான் வந்தால் இந்த வீட்டில் ஆம்பிளைகளின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். எனக்கும் வரும், யாராவது ஸஜ்ஜாதைப் பிடித்துக்கொண்டால்.

மார்ச் 2, ஞாயிறு

ஆஸியாவும் நோன்பு பிடிக்கவேண்டும் என்று நின்றாள். ஆறு வயது. அரை நோன்பு பிடி, பகல் ளுஹர் பாங்கு வரை போதும் என்று சம்மதிக்க வைத்தேன். பத்து மணிபோல ஸஜ்ஜாத் நீட்டிய பிஸ்கட்டை வாயில் போட்டுவிட்டு, பிறகு ஞாபகம் வந்து குழறி அழுதாள். மடியில் வைத்துச் சொன்னேன்: "மறந்து தின்றா நோன்பு முறியாது மகள். அல்லாஹ்தான் ஊட்டினது." அழுகை நின்றது. "மறந்து எத்தன தரம் தின்னலாம்?" என்று கேட்டாள். மறக்கிறதை எண்ண முடியாது என்றேன். அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

மார்ச் 4, செவ்வாய்

ஸஜ்ஜாத் என் தோளைக் கடித்துவிட்டான். இந்த வீட்டில் பகலில் பல்லுக்கு வேலை இருக்கிறது அவனுக்கு மட்டும்தான்.

மார்ச் 6, வியாழன்

எனக்குத் தொழுகை இல்லை. — பார், எனக்கு நானே எழுதும்போதும் இப்படித்தான் வருகிறது. மாதவிடாய். இங்கேயாவது முழுசாக எழுதி வைக்கிறேன்.

நோன்பு பிடிக்கக்கூடாது, விட்டதைப் பிறகு கழாவாகப் பிடித்துக் கொடுக்கவேண்டும். மார்க்கம் இவ்வளவுதான் சொல்கிறது. மிச்சத்தைச் சேர்த்தது நாங்கள். ஸஹருக்கு எழும்பி எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். பின்னேரம் மஃரிப் பாங்கு கேட்கும்வரை பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கவேண்டும். நடுவில் பசித்தால் குசினியின் பின்கதவை அரைவாசி சாத்தி, அதற்குப் பின்னால் அரிசி வாளியின் மூடிமேல் பீங்கானை வைத்து, நின்றபடி அள்ளிப் போடவேண்டும். என் உம்மாவும் இப்படித்தான் தின்றிருப்பார். நான் ஒரு நாளும் காணவில்லை. அவ்வளவு திறமையாக ஒளித்திருக்கிறார்.

இன்றைக்கு ஹாஷிமிடம் கேட்டேன், இந்த முறை மேசையில் இருந்து சாப்பிட்டால் என்ன என்று. சத்தம் குறைத்துச் சொன்னார்: "முஸம்மில் ஈக்கான். புள்ளைகள் ஈக்கு. வெக்கமில்லையா உனக்கு?"

வெட்கம். இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு, சோறு தின்ன வெட்கம். வயிறும் இடுப்பும் கழன்று விழுகிற மாதிரி இருக்கிறது, ஒரு கதிரையில் இருந்து தின்ன ஏலாது!

மார்ச் 7, வெள்ளி

அகப்பட்டுக்கொண்டேன்.

முஸம்மில் ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று ஆஸியாவை ஒழுங்கை முனையிலேயே இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். ஹோர்ன் சத்தமே இல்லை. அவள் பின்பக்கமாக வந்து கதவைத் தள்ளினால், வாய் நிறையச் சோற்றோடு நான். கீழே என் காலைப் பிடித்துக்கொண்டு ஸஜ்ஜாத், அவன் வாயிலும் சோறு.

"உம்மா, நீங்க நோன்புதானே?"

விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவள் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் நிற்கிறாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். "உம்மா மறந்துட்டேன் மகள்," என்றேன்.

உடனே அவள் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப முறியல்ல. அல்லாஹ்தான் ஊட்டினது," என்று எனக்கே சொல்லித்தந்துவிட்டு, பீங்கானைத் தூக்கிக்கொண்டு போய் மிச்சத்தைக் கோழிக்குக் கொட்டினாள்.

மீன் பொரியல் இருந்தது அதில். இன்னும் தொடவே இல்லை.

மார்ச் 8, சனி

பாடசாலை இல்லை. காலையிலிருந்து ஆஸியா என் பின்னால் திரிகிறாள். தண்ணீர்ப் போத்தல் பக்கம் கை போனால், "உம்மா, நோன்பு!" கறிக்கு உப்புப் பார்த்தால், "உம்மா, நோன்பு!" நான் மறதிக்காரி, என்னைக் காப்பாற்றவேண்டியது தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டாள். பிஸ்கட் டின்னைக் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள்.

கடைசியில் குளியலறைக்குள் போய், தாழ்ப்பாள் போட்டு, பாண் துண்டு ஒன்றை விழுங்கினேன். குளியலறையில்! வாளிக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில்! வெளியே ஸஜ்ஜாத் கதவைத் தட்டுகிறான், "ம்மா, எனக்கு, எனக்கு" என்று. அவனுக்கு மணம் தெரிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்கவேண்டும் போலத்தான் இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

நோன்பு துறக்க மேசையில் எல்லோரும். பள்ளிவாசல் கஞ்சி, கட்லட், சர்பத். பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம். துஆ கேட்கிற நேரம் என்று எல்லோரும் அமைதி. அப்போது ஆஸியா கையை ஏந்திக்கொண்டு, சத்தமாக: "யா அல்லாஹ், எங்கட உம்மா பகல்ல மறந்து மறந்து தின்றாங்க, அவங்களுக்கு ஞாபக சக்தியக் குடு."

முஸம்மில் கஞ்சிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். அவன் காது சிவந்துபோயிருந்தது. ஹாஷிம் என்னைப் பார்த்த பார்வை — நான்தான் மேடை போட்டு அறிவித்த மாதிரி.

பிறகு அறைக்குள் வைத்து ஏசினார். கவனம் இல்லை, பிள்ளைக்குப் பொய் சொல்லிக் கொடுக்கிறாய், தம்பி என்ன நினைப்பான். பொய் சொல்ல வைத்தது யார் என்று கேட்டேன். இதெல்லாம் காலம் காலமாக எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான், உனக்கு மட்டும் என்ன என்றார். எழும்பிக் குசினிக்குப் போய்விட்டேன். இன்னும் பேசியிருந்தால் வீட்டைப் பிளந்திருப்பேன்.

மார்ச் 10, திங்கள்

ஸஹர் நேரம். தேத்தண்ணியை மேசையில் வைத்த வேகத்தில் கோப்பை வெடித்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்றும்தான்.

மார்ச் 11, செவ்வாய்

எழுதி முடித்துவிடுகிறேன்.

காலையில் பாடசாலையிலிருந்து சர்மிளா டீச்சர் கோல் எடுத்தா. ஆஸியா தண்ணீர்க் குழாயடியில் மயங்கி விழுந்துவிட்டாளாம், வரச் சொன்னா. ஸஜ்ஜாதைத் தூக்கிக்கொண்டு, காலில் இரண்டு வேறு செருப்போடு, ரோட்டில் வந்த த்ரீவீலரை மறித்துப் போனேன். பிள்ளை டீச்சரின் கதிரையில் சாய்ந்திருந்தது. உதடு வெளுத்து, நெற்றியில் மண். சீனித் தேத்தண்ணி கொடுத்திருந்தார்கள்.

டீச்சர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னா: "நேத்தும் இன்னைக்கும் சாப்பாட்ட வினோஜனுக்குக் குடுத்திருக்கா. அந்தப் பையன்தான் சொன்னான். கேட்டா, எங்க உம்மா மறந்துபோறாங்க டீச்சர், அதனால அவங்களுக்கும் சேத்து நான் பிடிக்கிறேன்னு சொல்றா. வீட்டுல ஏதும் பிரச்சினைங்களா?"

வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை டீச்சர், நாங்கள் மானமுள்ள குடும்பம் என்று சொல்லவா?

காலைச் சாப்பாட்டையும் அவள் சாப்பிடவில்லை. ஸஜ்ஜாதுக்கு ஊட்டிவிட்டிருக்கிறாள். குட்டி உம்மா மாதிரி தம்பிக்கு ஊட்டுகிறாளே என்று நான் வேறு சந்தோஷப்பட்டுக்கொண்டு தேங்காய் பிழிந்திருக்கிறேன். மடைச்சி. மடைச்சி.

வீட்டுக்கு வந்து படுக்க வைத்து, கஞ்சி ஊட்டி, சொன்னேன். நான் மறக்கவில்லை, அது பொய், உம்மா பொய் சொன்னது பிழை என்று. பெரிய பெண்களுக்கு மாசத்தில் சில நாட்களுக்கு உடம்பு சரியில்லாமல் வரும், அந்த நாட்களுக்கு அல்லாஹ்வே லீவு கொடுத்திருக்கிறான், பிறகு அந்த நோன்பைப் பிடித்துக் கொடுப்பேன் என்று. நல்லாக் கேட்டாள். கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அல்லாஹ் லீவு குடுத்தா, ஏன் உம்மா ஒளிச்சுத் தின்றீங்க?"

மார்ச் 12, புதன்

ஆஸியாவைப் பாடசாலைக்கு அனுப்பவில்லை. பகல் சோறு சமைத்தேன். பருப்பு, கத்தரிக்காய், பொரித்த மீன். மூன்று பீங்கானை எடுத்து மேசையில் வைத்தேன். ஆஸியா ஒரு பக்கம், ஸஜ்ஜாத் மறுபக்கம், நடுவில் நான். முன்கதவு திறந்தபடி. கண் வாசலுக்கே போய்ப் போய் வந்தது. சோற்றுக்கு முன்னால் இவ்வளவு பயமா என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது.

முதலில் முஸம்மில் வந்தான். வாசலில் ஒரு நிமிஷம் நின்றான். ஸலாம் சொன்னான். ஸஜ்ஜாதின் கதிரை சரிந்து நின்றதை நேராக்கிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "மதினி, எனக்குத் தெரியும்தானே. எல்லாருக்கும் தெரியும்," என்றுவிட்டு அறைக்குப் போனான்.

எல்லோருக்கும் தெரியுமாம்! அப்படியானால் இத்தனை வருஷமும் நான் யாருக்கு ஒளித்தேன்? தெரிந்துகொண்டு தெரியாத மாதிரி இருக்கிறவர்களுக்கு, தின்றுகொண்டு தின்னாத மாதிரி இருந்திருக்கிறேன். நம்பினது இந்தப் பிள்ளை மட்டும்தான். விழுந்ததும் அதுதான்.

பிறகு ஹாஷிம் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே கண்டுவிட்டார். "நிஷ்மியா," என்றார், எழும்பு என்கிற மாதிரி. நான் மீன் முள்ளை எடுத்து ஸஜ்ஜாதின் வாயில் சோற்றை வைத்தேன். என் வாயிலும் வைத்தேன். மென்று விழுங்கிவிட்டுத்தான் சொன்னேன்: "புள்ள குழாயடியில விழுந்து கிடந்த நேரம், நீங்க யாருக்கு வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தீங்க?"

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும், திருப்பிக் கத்தியிருப்பார். ஆஸியாவின் நெற்றியில் இருந்த கீறலைப் பார்த்தார். தொழுகைக்கு வுழூ செய்யப் போய்விட்டார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

அவர் பகலில் வீட்டுப் பக்கம் வருவதில்லை. கடையிலேயே இருந்துகொள்கிறார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார். திரியட்டும். எனக்கு இந்த முறை இன்னும் நிற்கவில்லை, நான் மேசையில் இருந்து சாப்பிடுகிறேன். இன்றைக்குக் கறியில் உப்புக் கூடிவிட்டது, இரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். வட்டிலப்பம் நன்றாக வந்தது. ஸஜ்ஜாத் அதற்குள் காலை வைத்தான். ஹாஷிம் அவனைக் கழுவினார், கேட்காமலே. சொக்ஸும் அவரே தேடிக்கொண்டார். மன்னிப்பா இது? தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. இன்னும் உள்ளே எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்றைக்கு முதல் கழா நோன்பு பிடித்தேன். ஸஹருக்குத் தனியாக எழும்பினேன். ரமழான் இல்லாத நோன்பு யாருக்கும் தெரியாது, கஞ்சி வராது, அத்தர் மணக்காது. வீடு தன் பாட்டில் தின்றுகொண்டிருக்கும். ஆஸியாவுக்கு மட்டும் சொல்லியிருந்தேன்.

கடை பூட்டு, ஹாஷிம் வீட்டில். பகல் சமைத்து மேசையில் வைத்தேன். கோழிக் கறி. அவர் கதிரையை இழுத்துப் போட்டு, சோற்றைப் போட்டு, பிசைந்து, முதல் பிடியை எடுக்கப் போகிறார். ஆஸியா வந்து பீங்கானின் விளிம்பைப் பிடித்தாள்.

"வாப்பா, உம்மா நோன்பு. நோன்பு ஆக்களுக்கு முன்னுக்குத் தின்ன ஏலா. வெக்கமில்லையா?"

அந்தச் சொல் அவளுக்கு எங்கே கிடைத்தது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். கையில் சோற்றோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். பரவாயில்லை இருங்க, தின்னுங்க என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. சொல்லவில்லை. ஸஜ்ஜாதின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் எழும்பினார். பீங்கானைத் தூக்கிக்கொண்டு ஆஸியாவுக்குப் பின்னால் குசினிக்குள் போனார். அவளே பின்கதவை அரைவாசி சாத்தினாள். அரிசி வாளியின் மூடிமேல் பீங்கான் வைக்கிற சத்தம் கேட்டது. ஸஜ்ஜாத் என் கையை உதறிவிட்டு, வாயைத் திறந்துகொண்டு அங்கே ஓடினான்.

கொஞ்ச நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து தண்ணீர் கேட்டார். ஆஸியாதான் கொண்டுபோனாள்.

"மெல்லத் தின்னுங்க வாப்பா. உம்மாக்குக் கேக்குது."