எஞ்சினின் பித்தளைக் காப்பு

1946 ஜூலை 8, திங்கள்

பகல் முழுதும் அனல். மாலை ஐந்தாகியும் கடற்காற்று எட்டிப் பார்க்கவில்லை. சலவை முடிந்தது. நீலம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

அவருடைய காக்கிக் கால்சராயில் மறுபடியும் அதே அடையாளம். வலது கால், கெண்டைக்கால் உயரம், உட்புறம். மிளகளவில் மூன்று பழுப்பு வட்டங்கள். சிகரெட்டுக் கங்கு அன்றி வேறென்ன?

மார்பு நோவு கண்டபின் டாக்டர் அறவே தடுத்த பழக்கம். விபூதிப் புதனன்று பீடத்தின் முன் முழந்தாளிட்டு, விட்டேன் என்றவர். மே மாதத்தில் முதன்முதல் இவ்வட்டங்களைக் கண்டு நான் வினவியது: "ஆண்டவர் திருமுன் அளித்த வாக்கையே காக்க இயலாதவர், மனைவிக்கு அளித்த வாக்கை எங்ஙனம் காப்பார்?" வாக்கியம் செவ்வனே அமைந்ததென்று அன்று உள்ளூர ஒரு நிறைவு. அவர் சொன்னது, "நான் தொடலை, பிலோமி." அவ்வளவே. அப்போது சட்டையில் நாற்றமில்லை. ஏலக்காய் மென்றிருப்பார் என்று கொண்டேன். இப்போது நாற்றமும் உண்டு. மறுப்பதுமில்லை.

அதன் பின் எங்களுக்குள் பேச்சென்பது சோறு, சாவி, கதவு.

ஜூலை 10, புதன்

ரேஷன் அரிசியில் பாதி கல். பொறுக்கிப் பொறுக்கி விரல் நுனி கன்றியது.

காலையில் அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "வண்டியில தகடு போச்சு. கிண்டி ஸ்கூல் போய்ச் சேர்றதுக்குள்ள கால் வெந்துடுது. சனிக்கிழமை துலுக்காணத்தை வரச் சொல்லியிருக்கேன்."

வண்டி என்பது அவர் பள்ளி வேலைக்குச் செல்லும் மோட்டார் சைக்கிள். யுத்தத்திற்கு முன்பே பழையதாக வாங்கியது. தகடு என்பது எஞ்சினுக்கும் ஓட்டுபவர் காலுக்கும் நடுவே சூட்டை மறிக்கும் பித்தளைக் காப்பு. ஓரம் தேய்ந்து விரிசல் விட்டிருப்பது மெய்தான். அதில் என் கைக்கும் பங்கிருக்கலாம். சனிதோறும் கோயில் மெழுகுவர்த்தித் தண்டுகளைத் துலக்கியபின் மிஞ்சும் புளியும் செங்கல் தூளும் அதற்கே. ஏப்ரலில், பாஸ்குவுக்கு முந்திய பெரிய வாரத்தில், நானே ஸ்பானர் பிடித்துக் கழற்றினேன், எவரும் கற்றுத் தராமலே. உட்புறம் கெட்டியாக அப்பிக் கிடந்த சாம்பல் நிற அழுக்கைக் கம்பியால் சுரண்டி எடுக்க ஒரு முற்பகல் ஆயிற்று. பாஸ்கு ஞாயிறன்று கோயில் வாசலில் நின்ற வண்டிகளுள் நம்முடையதே ஒளிர்ந்தது. அடுத்த வீட்டுச் சிசிலி அக்காகூட நின்று பார்த்தாள்.

ஜூலை 13, சனி

வெயில். புழுக்கம். மெக்கானிக் துலுக்காணம் ஒன்பது மணிக்கு வந்தார். தெருவே கேட்கும் குரல்.

"இன்னா சார், கால வறுத்துக்கினு கீறியா? இதும்மேல முட்ட ஒடச்சி ஊத்துனா ஆம்லெட்டு ஆயிடும் போல கீதே!"

காப்பி கொண்டு போனேன். புதிய தகட்டைச் சாக்கிலிருந்து எடுத்துத் திருப்பி வைத்தார். அதன் உட்புறம் முழுவதும், கச்சிதமாக வெட்டி ஒட்டி, ஆணியடித்து, அதே சாம்பல் நிற அழுக்கு.

"இதனுள் ஒட்டப்பட்டிருப்பது யாது?"

"அம்மா ரேடியோல பேசற மாதிரியே கேக்கறாங்க சார்! கல்நாரும்மா. சூட்ட புடிச்சி நிறுத்தறதே இதான். இது இல்லாங்காட்டி தகடு வெறும் தோசக்கல்லு." பழையதைப் புரட்டினார். "இதுல எங்க போச்சி? எலி கிலி துன்னுட்டுச்சா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். என் கையில் டம்ளர். அதைத் திண்ணையில் வைத்தேன்.

"எலிதான் போல" என்றார் அவர்.

துலுக்காணம் போனபின் பழைய தகட்டைக் கொல்லைப் பக்கம் எடுத்துச் சென்றேன். திங்களன்று துவைத்த கால்சராயையும். தகட்டின் முகப்பில் மூன்று ஆணித் தலைகள். துணியில் மூன்று வட்டங்கள். வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை.

மதியம் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையென்று சொன்னேன். அதுவும் பொய்.

ஜூலை 14, ஞாயிறு

ஆறு மணிப் பூசை. சுவாமியார் பிரசங்கத்தில் ஒரு சொல்லும் செவியில் ஏறவில்லை. கணவரிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தையே கட்டிக்கொண்டிருந்தேன், கலைத்தேன், மீண்டும் கட்டினேன். வீடு வந்ததும், அவர் செருப்பைக் கழற்றுமுன்:

"ஆராயாது உரைத்த சொல்லால் தங்களுக்கு இழைத்த அநீதியை எண்ணி என் நெஞ்சமானது—"

"ஏய், ஒரு பிரசங்கம் இப்பதான் முடிஞ்சுது. சுருக்கமா சொல்லேன்."

"நான்தான் சுரண்டினேன். நீங்க சிகரெட் தொடலை."

என் வாயில் இவ்வளவு சிறிய வாக்கியம் வந்து எத்தனை காலமாயிற்றோ. அவர் சிரித்தார். மே மாதத்திற்குப் பிறகு அவர் பல்லை இன்றுதான் பார்த்தேன்.

"சுரண்டினது யாருன்னு நேத்து உன் மூஞ்சியிலேயே தெரிஞ்சுதே. பெரிய எலி."

நானும் சிரித்தேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். சட்டையின் நாற்றம் நினைவு வந்தது. கேட்டேன்.

"ஆமா, இப்ப குடிக்கிறேன்" என்றார். "நீ கேட்ட அன்னிக்கு வரைக்கும் தொடலை. மறுநாள் கிண்டி டீக்கடையில ஒண்ணு வாங்கினேன். எப்படியும் வீட்டுல அந்தப் பேருதான், குடிச்சாத்தான் என்னன்னு தோணிச்சு."

"விட்டுவிடுங்கள். இன்றே."

"விட்டுப் பார்த்தேன், பிலோமி. வரலை. முதல் தடவை விட்டப்போ நீ என் பக்கம் இருந்தே."



ஜூலை 16, செவ்வாய்

விடியலில் தூறல். முற்றம் வழுக்கல். நீலம் இன்னும் வாங்கவில்லை.

அவருக்கு எழுந்ததிலிருந்து இருமல். முதுகை நீவிவிட்டேன். வெந்நீர் கொடுத்தேன். டாக்டரிடம் போகலாம் என்றதற்கு, "அவர் என்ன சொல்வார்னு தெரியும்" என்றார்.

துவைக்க எடுத்த சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி. பாதி காலி. அடுப்பில் போட்டுவிடலாமென்று அடுக்களை வரை போனேன். பிறகு நனையாத இடமாகப் பார்த்து அலமாரியில் வைத்தேன்.

மாலை பள்ளியிலிருந்து வந்ததும் சட்டைப் பையைத் தடவினார். "தீப்பெட்டி பார்த்தியா?"

எடுத்துக் கொடுத்தேன்.