இரைச்சல் இல்லாத கேசட்

என் மிளகு,

இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கிட்டு இருக்கோம், எங்களைப் பத்தி அதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல. நீ அங்கே உடம்புல ஒரு கீறல் இல்லாம இருக்கணும்னு நிமிஷத்துக்கு நிமிஷம் நினைச்சுக்கிட்டே இதை எழுதுறேன். என் எழுத்து உனக்குத் தெரியும், அஞ்சாவதோட நின்னவ கை, கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், நிதானமா படி. ஆனா படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணு. உன் கிட்டாருக்குச் சத்தம் கொடுக்கிற அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டி சுவத்துல சொருகியிருந்தா பிடுங்கிப் போட்டுட்டு வா. சுவிட்சை அணைச்சா போதாது, பிளக்கையே பிடுங்கு. கிட்டாரைக் கையில வச்சுக்கிட்டுப் பிடுங்காத, கழட்டி வச்சுட்டு, காலுல செருப்பு போட்டுக்கிட்டுப் பிடுங்கு. பிடுங்கிட்டியா. இப்ப உட்கார்ந்து படி.

இதை நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல, இஸ்திரி மேஜைக்குப் பின்னாடி விரிப்பு மூட்டை மேல உட்கார்ந்து எழுதுறேன். சாப்பாட்டு நேரம். எங்க மேற்பார்வைக்காரி, விசில்னு பேர் வச்சோமே, அவகூட பொண்ணுக்கா, எழுது எழுதுன்னு சொல்லிட்டு ஊதாம போயிட்டா. வீட்டுல எழுத முடியாது, அப்பா கூடவே இருக்கார். முன்னாடியெல்லாம் பஸ் டிப்போவுல இருந்து வந்ததும் சீட்டாடப் போறவர் இப்ப வேலை முடிஞ்சு வந்தா வாசப்படி தாண்டுறதில்ல. உன் தம்பி சின்னவனோட கேசட்டையெல்லாம் தேதி வாரியா அடுக்கி வச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா போட்டுக் கேட்கிறார். அவன் இருந்தப்ப ஒரு பாட்டு முழுசா கேட்டதில்ல, பீரோ மாடிப்படியில உருண்டு வர்ற மாதிரி இருக்குடான்னு சொல்லுவாரே, அதே மனுஷன் இப்ப பல்வலி பேண்டு நல்லா அடிக்கிறாங்க, மூணாம் ஷிப்ட் பேண்டு பையனுக்குத் தொண்டை போதாதுன்னு எனக்கு விளக்கம் சொல்றார். நானும் கேட்டுக் கேட்டு எது யாருன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடுவேன். பங்க் பாட்டுன்னா என்னன்னு யாராவது கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனா சின்னவன் தலைமுடிக்குக் கஞ்சி கொடுத்தவ நான்தானே. இங்கே விரிப்புக்குப் போடுற கஞ்சியை டப்பாவுல எடுத்துட்டுப் போவேன், அவன் தடவி முள்ளு முள்ளா நிறுத்திக்கிட்டு, டாக்டர் கோட்டும் என் தலையும் ஒரே கஞ்சிம்மான்னு சிரிப்பான். இன்னைக்கும் அந்தக் கஞ்சி அண்டாவைக் கடந்துதான் என் மேஜைக்கு வரணும், பார்க்காம வந்துடுவேன்.

அவன் போய் இன்னையோட நாலு மாசம் பதினோரு நாள். மண்டபத்து மேடையில கிட்டாரைப் பிடிச்சபடி மைக்குல வாயை வச்சான், அப்படியே சரிஞ்சான்னு டிரம் அடிக்கிற முட்டை வந்து சொன்னான், அதைத்தான் உனக்கும் போன்ல சொன்னோம். மண்டபத்து வயரிங் சரியில்லைன்னு அப்பா சொன்னார், எல்லாரும் சொன்னாங்க, நானும் உன்கிட்ட அதையே சொன்னேன். அது உண்மை இல்ல மிளகு. தெரியாம சொன்ன பொய். இப்பத் தெரியும், ஆனா இந்த வீட்டுல எனக்கு மட்டும்தான் தெரியும். உன்கிட்ட சொல்லாம மறைச்சிடலாம்னு ஒரு மாசமா பார்த்தேன், முடியல.

போலீசு திருப்பிக் கொடுத்த, சின்னவன் கிட்டாருக்குச் சத்தம் கொடுத்த பெரிய பெட்டியை முட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டான். அப்பா அதைப் பார்க்க மாட்டேன்னு துணி போட்டு மூடிட்டார். ஊர்ல இருக்கிற எல்லா பேண்டு பாட்டையும் சேர்த்து சின்னவன் பேருல ஒரு கேசட் போடப் போறோம், அதுக்கு அவன் பெட்டியிலதான் வாசிக்கணும்னு முட்டை கேட்டுக்கிட்டே இருந்தான். சரி, பழுது பார்த்துக் கொடுப்போம்னு அப்பா டிப்போவுக்குப் போனப்ப நான் அதைத் தள்ளுவண்டியில வச்சு ரேடியோ கடைக்காரர்கிட்ட கொண்டு போனேன். அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார், அப்புறம் பிளக்கைத் திறந்து பார்த்தார். பெட்டிக்குள்ள ஒரு வயர் தோல் உரிஞ்சு தகட்டுல பட்டுக்கிட்டு இருக்கும்மா, இது எந்தப் பெட்டிக்கும் வர்றதுதான், கரன்டைத் தரைக்கு இழுத்துடுற எர்த்து, அதான் பச்சை வயர், இருந்திருந்தா ஃபியூஸ் போயிருக்கும், பையனுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, ஆனா பிளக்குல பச்சை வயரை யாரோ கழட்டி மடிச்சு வச்சிருக்காங்கன்னு சொன்னார். பாட்டுக்காரப் பசங்க பாதிப் பேர் இதைத்தான் பண்றாங்க, பதிவு பண்ணும்போது இரைச்சல் வருதுன்னு இதை எடுத்துடறாங்க, இரைச்சலோட சேர்த்து உசிரையும்னு சொல்ல வந்து என் முகத்தைப் பார்த்துட்டு நிறுத்திட்டார். யாரும்மா கழட்டினதுன்னு கேட்டார். தெரியலைங்கன்னு சொன்னேன். கடையைத் தாண்டி வந்ததும் வண்டியை ஓரமா நிறுத்திட்டுப் பஸ் நிறுத்தத்துல உட்கார்ந்துட்டேன், நாலு பஸ் வந்து போச்சு.

எனக்கா தெரியாது. நீ அந்த நாட்டுக்குப் போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி, நீயும் சின்னவனும் பின்கட்டு அறையில எதிரொலிக்காம இருக்கக் கோழிமுட்டை அடுக்குற அட்டையெல்லாம் சுவத்துல ஒட்டி வச்சுக்கிட்டு பதிவு பண்ணுவீங்களே, எந்தக் கேசட்டைப் போட்டாலும் பாட்டுக்கு அடியில ஒரு வண்டு மூச்சு விடாம ம்ம்னு கத்திக்கிட்டே இருக்கும். சின்னவன் அதுக்காக அழாத குறை. நான்தான் அப்பாவைப் பிடிச்சு உலுக்கினேன். ஊர்ல இருக்கிற பஸ்ஸெல்லாம் உங்க கையால ஓடுது, பெத்த பையனுக்கு ஒரு நாள் ஒரு நல்லது பண்ணக் கூடாதான்னு கேட்டேன். அந்த ஞாயித்துக்கிழமை நீ எங்கேயோ கடைக்குப் போயிருந்தே. அவர் சமையலறைத் தரையில உட்கார்ந்து பெரிய பெட்டி பிளக்கைப் பிரிச்சார், நான் டார்ச் பிடிச்சேன். மூணு வயர்ல இது ஒண்ணு வேலையே செய்யல, சும்மா சத்தத்தை மட்டும்தான் கொண்டு வருதுன்னு சொல்லி அந்தப் பச்சை வயரைக் கழட்டி மடிச்சு உள்ளேயே வச்சு மூடினார். போட்டுப் பார்த்தா வண்டு செத்துப் போச்சு. சின்னவன் அப்பாவைத் தூக்கி ஒரு சுத்து சுத்தினான், அவர் விடுடா எருமைன்னு திட்டிக்கிட்டே சிரிச்சார். அந்தச் சந்தோஷத்துல, பொண்ணு பெட்டியை மட்டும் எதுக்கு விடணும்னு சொல்லி உன்னோடதையும் பிரிச்சார். அதுக்கும் நான்தான் டார்ச் பிடிச்சேன். ரெண்டு பிளக்கையும் சுத்தி டிப்போவுல போடுற சிவப்பு டேப்பை ஒட்டினார். உன் பிளக்குல அந்தச் சிவப்பு டேப் இருக்கும் பாரு.

போன மாசமே இதை உனக்கு எழுதியிருக்கணும். எழுதினேன், ஆனா கோழைத்தனமா எழுதினேன். அந்தப் பெட்டி பழசு, வேண்டாம், வேற வாங்கிக்கோன்னு மட்டும் எழுதினேன். ஏன்னு எழுதல. அதுக்கு நீ கேசட்டுல பேசி அனுப்பின பதில் போன வாரம் வந்துச்சு. அப்பாதான் பிரிச்சார், அவர்தான் போட்டார். பாட்டுக்கு முன்னாடி உன் குரல், அம்மா சும்மா பயப்படாத, இங்க எல்லார் பெட்டியும் கத்துது, என்னோடதுதான் சுத்தமா இருக்கு, ஏன்னா அது அப்பா கை வச்ச பெட்டின்னு சொல்றே. மிளகு, சின்னவன் போனதுக்கு அப்புறம் அவர் முகத்துல சிரிப்பைப் பார்த்தது அப்பத்தான். மறுபடி சுத்தி மறுபடி போட்டார். மூணாவது தடவை பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, கேளுங்க, ஒரு இரைச்சல் இருக்கா பாருங்கன்னு சொன்னார். நான் பாத்திரம் கழுவுற இடத்துல நின்னு கேட்டேன். இரைச்சல் இல்ல. பாட்டு நின்ன இடத்துல எல்லாம் வெறும் அமைதி. அந்த வண்டு ஒரு தடவை கத்திடாதான்னு நான் அந்தக் கேசட்டு முழுக்கக் காத்துக்கிட்டு நின்னேன்.

அதுல நீ வாசிக்க மட்டும்தான் செஞ்சிருக்கே. கிட்டாரை மட்டும் பிடிச்சிருந்தா சில நேரம் ஒண்ணும் தெரியாது, மைக்குல வாய் பட்டாத்தான் கரன்ட் உடம்பு வழியா போகும்னு ரேடியோ கடைக்காரர் சொல்லியிருக்கார். இப்ப முட்டை வந்து, அக்கா இருபத்தி மூணாம் தேதி பாடியே பதிவு பண்ணி அனுப்புதும்மா, சின்னவன் பாதியில விட்ட பாட்டை, யாரோ ஒருத்தர் வீட்டு நிலவறையில, சுவரெல்லாம் தண்ணி கசியுமாம், சத்தம் சூப்பரா இருக்குமாம்னு சொல்றான். இன்னைக்குத் தேதி ஒன்பது. உனக்குக் கடிதம் பன்னிரண்டு நாள்லயும் வந்திருக்கு, பதினேழு நாள்லயும் வந்திருக்கு. போன் கடைக்குப் போய் மூணு தடவை நீ தங்கியிருக்கிற இடத்துக்குப் போட்டேன், ஒரு பொம்பளை எடுத்து அவ பாஷையில ஏதோ சொன்னா, நான் என் பாஷையில கத்தினேன், வச்சுட்டா. ஞாயித்துக்கிழமை நீ கூப்பிட்டப்ப அப்பா ரிசீவரைக் காதுல வச்சுக்கிட்டு நிக்கிறார், நான் எட்டி அந்தப் பெட்டியைத் தொடாதடின்னு சொன்னேன், நீயும் சிரிச்சே அவரும் சிரிச்சார். தந்தியும் கொடுத்திருக்கேன், பெட்டி போடாதே கடிதம் வருதுன்னு. அதைப் பார்த்தும் நீ சிரிப்பே, அம்மாவுக்குச் சித்தம் கலங்கிடுச்சுன்னு நினைப்பே. அதான் காரணத்தோட எழுதிட்டேன்.

அப்பா வாரம் ஒரு நாள் மண்டபத்துக்காரர் மேல மனு கொடுக்கப் போறார். மண்டபத்துக்குப் பூட்டுப் போட்டாச்சு. அந்த மனுஷன் சந்தையில என்னைப் பார்த்து, அம்மா என் வயரிங்கை எந்த ஆளை வேணும்னாலும் கூட்டிட்டு வந்து காட்டுங்கன்னு கும்பிட்டார், நான் கூடையைப் பார்த்துக்கிட்டு நின்னேன். அவருக்கு நான் செய்றது பாவம், தெரியுது. ஆனா உண்மையைச் சொன்னா அப்பா தன்னையே என்ன பண்ணிக்குவாரோன்னு எனக்குப் பயம். அவர் குளிக்கப் போனாக்கூட நான் கதவுக்கு வெளியே தண்ணிச் சத்தம் கேட்குதான்னு நிக்கிறேன். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தாச்சு. அவரைக் காப்பாத்தணும்னு உன்னை விட்டுக் கொடுக்கிற நிலைமை எனக்கு வந்துடக் கூடாது. இருபதாம் தேதி வரைக்கும் அந்தத் தந்திக்காவது உன்கிட்ட இருந்து ஒரு வார்த்தை வரலைன்னா நானே அவர்கிட்ட சொல்லிடுவேன், அவருக்குத்தான் அந்த ஊர்ல யாரையாவது பிடிச்சு உனக்குச் சொல்ல வைக்கத் தெரியும். அப்புறம் என்ன ஆகுமோ ஆகட்டும்.

நீ அவர் மேல கோபப்படாத கண்ணு. கோபம் வந்தா என் மேல படு, டார்ச் பிடிச்சவ நான், உலுக்கி எழுப்பினவ நான். சின்னவன் பாட்டை நீ பாட வேண்டாம்னு சொல்லல, பாடு. கரன்ட் வேலை தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டு அந்தப் பிளக்கைத் திறந்து பச்சை வயரை அதோட இடத்துல மாட்டச் சொல்லு, பெட்டி உள்ளேயும் பார்க்கச் சொல்லு. அந்த ஊர்ச் சுவத்துக்குச் சேர்ற மாதிரி அதுமேல நீ மாட்டியிருக்கிற பிளக்கையும் காட்டு. உன்கூட வாசிக்கிறவங்க பெட்டியையும் பார்க்கச் சொல்லு, அவங்களும் யாரோ பெத்த பிள்ளைங்கதான். ஈரத் தரையில வெறுங்காலோட நிக்காத. பாட்டுல வண்டு கத்தினா கத்தட்டும். அப்பா ஏன் இரைச்சல்னு கேட்டா நான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கிறேன்.

நீ நல்லா இருக்கணும், நூறு வயசு இருக்கணும், பல்லு போன வாயோட கத்திப் பாடணும். பதிலை வீட்டுக்கு எழுதாத, ஆஸ்பத்திரி சலவைக்கூடம்னு போட்டு என் பேருக்கு எழுது, விசில் வாங்கி வச்சிருப்பா. ரெண்டு வரி போதும், பிடுங்கிட்டேன்னு எழுது.

இப்படிக்கு,
உன் வார்த்தைக்குக் காத்துக்கிட்டு இருக்கிற
அம்மா

உறையில வைக்கப் போறப்ப இன்னொண்ணு. உனக்கு வர்ற தபாலை எல்லாம் அறையில கூட இருக்கிற பொண்ணுதான் வாங்கி வைப்பான்னு முன்னாடி எழுதியிருந்தே, நீ இல்லாதப்ப அவளே பிரிச்சும் பார்ப்பான்னு எழுதியிருந்தே. கேட்கவே பயமா இருக்கு. இதைப் பிரிச்சது உன் கைதானே மிளகு?