சாய்ந்த கதவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. ‘நாங்கள் இருவரும் நலம்’ என்று எழுதிவிட்டு மேலே அடித்திருக்கிறேன், பார். நான் நலம். நீ என்னிடம் விட்டுப் போயிருக்கும் உன் குழந்தையைப் பற்றித்தான் எழுத வேண்டும். போனில் சொல்ல எனக்குத் தைரியம் போதாது. நீ ஒரு கேள்வி கேட்டால் போதும், நீ சொல்வதுதான் சரி என்று பின்வாங்கிவிடுவேன்.

பள்ளி நாட்களில் அவள் காலையில் வாந்தி எடுப்பது வயிற்றுக் கோளாறு அல்ல. கணக்கு நோட்டில் அழித்து அழித்துத் தாள் கிழிந்தால், புது நோட்டு எடுத்து முதலிலிருந்து எழுதுகிறாள். நான்காம் வகுப்புப் பிள்ளை! எட்டு வாரமாகக் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். உன்னிடம் கண் பரிசோதனை என்று பொய் சொன்னேன்.

மருந்து எதுவும் இல்லை, பயிற்சிதான். தினம் வேண்டுமென்றே ஒரு தப்பு செய்ய வேண்டும். அழிக்காமல், பயம் தானாக இறங்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். முதல் நாள், எந்தத் தப்பு நல்ல தப்பு என்று கேட்டு அரை மணி நேரம் அழுதாள். ஆறாம் வாரம் ஒரு வீடு வரைந்து, கதவை மட்டும் சாய்த்துப் போட்டுச் சுவரில் ஒட்டினாள். “தாத்தா, இந்த வீட்டுக்காரங்க சறுக்கிக்கிட்டேதான் வெளிய வருவாங்க” என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

மறுநாள் அவள் பள்ளிக்குப் போனதும் நான் செய்த காரியத்தைக் கேள். நாற்பது வருடம் நில வரைபடம் போட்ட கை. கதவை அழித்து, அளவுகோல் வைத்து நேராக்கினேன். டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டேன். அவள் வந்து பார்த்து, “உங்களாலயும் பார்க்க முடியலையா தாத்தா?” என்று மட்டும் கேட்டாள். அடுத்த காலை மறுபடி வாந்தி. துடைத்தபோது அந்த நாற்றத்தில் எனக்குக் குமட்டவில்லை. என் கையைப் பார்த்துத்தான் குமட்டியது.

உன் நோட்டுகளையும் இதே கைதான் கிழித்தது. நீ அழுதுகொண்டே திருப்பி எழுதுவாய். நான் வந்தவர் போனவரிடமெல்லாம் உன் கையெழுத்தைக் காட்டிப் பெருமையடிப்பேன். சீ! இப்போது நீ வீடியோவில் அவள் நோட்டைக் காட்டச் சொல்லி, “இந்த ஏழு ஏன் படுத்திருக்கு?” என்கிறாயே, அது என் குரல். கேட்கவே அருவருப்பாக இருக்கிறது. உன் மேல் அல்ல. கொஞ்சம் உன் மேலும்தான். எழுதியதை அடிக்காமல் விடுகிறேன்.

மருத்துவரிடம் கதவு விஷயத்தை ஒப்புக்கொண்டேன். “அப்போ உங்களுக்கும் வீட்டுப்பாடம் உண்டு சார்” என்றார். அதனால்தான் இந்தக் கடிதத்துக்குச் சுத்தப் பிரதி எடுக்கவில்லை. குழந்தையின் பாடம் இதைவிடக் கடினம்: யாரிடம் அதிகப் பயமோ, அவருக்கு ஒரு தப்பை அனுப்ப வேண்டும். யோசிக்காமல் “அம்மாவுக்கு” என்றாள். நான் இல்லையே என்று ஒரு நொடி நிம்மதியானேன். அந்த அற்பத்தனத்தையும் எழுதிவிடுகிறேன்.

படம் உள்ளே இருக்கிறது. கதவை மறுபடி சாய்த்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது அவள் உன் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருப்பாள். பொய்யாகப் புகழ வேண்டாம். கதவைப் பற்றி ஒன்றும் கேட்காதே. அந்த வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேள், போதும்.

நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். நான் கிழித்தேனே, நீ முதலில் எழுதிய பக்கங்கள், அவை நன்றாகத்தான் இருந்தன, அம்மா.

உன் அப்பா