இல்லாத பெடல்

தோஸ்த்,

இன்று காலை அந்த நாற்றம் மறுபடியும் வந்தது. பச்சைத்தோல் வந்து இறங்கும் இடத்தில் முப்பது வருஷமாக உட்கார்ந்து சோறு தின்கிறவன் நான். சுண்ணாம்புக் குழியும் அழுகிய கொழுப்பும் என் மூக்குக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கிளட்ச் தீய்கிற வாடை வந்ததும் வாயில் இருந்த டீயைத் துப்பிவிட்டேன். எட்டிப் பார்த்தால், நம் சின்ன முதலாளியின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ரிவர்ஸில் சரிவு ஏறிக்கொண்டிருக்கிறது. நீ ஓட்டிய அதே வண்டிதான். இது அதற்கு மூன்றாவது கிளட்ச். டிரைவர் மட்டும் புதியவன்.

அந்த வண்டி ஆம்பூருக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? நீ தோல் பதனிடும் நம் டேனரியின் டிரைவர், நான் தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். உள்ளே உட்கார்ந்ததும் காலடியைப் பார்த்துக் கத்தினாய். "இன்னாடா இது, ரெண்டே பெடல்தான் இருக்குது!" கிளட்ச் உள்ளே இருக்கிறது, அதை மிதிக்கிற வேலையை வண்டியே செய்துகொள்ளும் என்று நான்தான் விளக்கினேன். "அப்போ நமக்குக் கால் வலி கம்மி" என்று சிரித்தாய்.

அந்தச் சனியனை வைத்துக் காப்பாற்றுவது யானையைக் கட்டித் தீனி போட்ட கதை. வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடிவயிறு உரசும். ஆயில் மாற்றவும் சென்னை, டயர் மாற்றவும் சென்னை. அது ரோட்டில் ஓடிய தூரத்தைவிட லாரியின் முதுகில் படுத்துப் போன தூரம்தான் ஜாஸ்தி. தோல் தேய்க்கிற பெண்கள் கையுறை கேட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிற சின்ன முதலாளி, காரின் கண்ணாடி துடைக்கும் துணியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். பார்க்கப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருக்கும்.

இதில் அவர் அப்பா, பெரியவரின் சட்டம் வேறு. நம் டேனரியில் எந்த வண்டியும் வாசலுக்கு முகம் காட்டித்தான் நிற்கவேண்டும்; முதுகைக் காட்டினால் வருகிற ஆர்டர் திரும்பிப் போய்விடுமாம். கீழே சமதரையில் நிற்கிற லாரிக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. இந்தக் காரையோ மேட்டிலிருக்கும் குடோன் முன்னால் நிறுத்தவேண்டும். அதனால் தினமும் ரிவர்ஸில், ஆமை வேகத்தில், சரிவு ஏற்றம். கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே ஏறும். தேயாமல் என்ன செய்யும்?

நீ சொல்லாமல் இல்லை. "சார், ரிவர்ஸ்ல மேடு ஏறினா கிளட்ச்சைத் தின்னுடும். நேராவே ஏத்தி நிறுத்திக்கிறேன் சார்."

"தோல் வாங்குற பையர் உள்ள வர்றப்போ வண்டியோட பின்பக்கத்தையா பாக்கணும்? சொன்னதைச் செய்" என்றார் சின்னவர்.

ஒருநாள் பாதிச் சரிவில் புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. சென்னையிலிருந்து வந்த ஆள் லேப்டாப்பைச் செருகிப் பார்த்துவிட்டு, பிளேட் முழுசும் போய்விட்டது என்றான். அவன் சொன்ன விலையில் நம் தெருவில் ஒரு வீட்டுக்கு மாடி எழுப்பலாம். பெரியவர் முகம் கறுத்தது. யார் வேலை இது என்று கேட்டார். சின்னவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை, உன்னைக் காட்டினார். "இவன்தாம்பா. எப்பவும் கிளட்ச்லயே காலை வெச்சிக்கிட்டு ஓட்றான்."

உனக்குக் கோபம்கூட வரவில்லை, சிரிப்புதான் வந்தது. "இல்லாத பெடல்ல எப்படி சார் காலை வெப்பேன்?" வேறு யாரும் சிரிக்கவில்லை. நீ என் பக்கம் திரும்பினாய். "நீ சொல்லு தோஸ்த். அந்த வண்டில கிளட்ச் பெடல் இருக்குதா?"

என் மகளுக்கு டேனரி ஆபீஸில் வேலை கேட்டிருந்த வாரம் அது. "நான் டிரம் மோட்டார் பாக்குறவன். காரைப் பத்தி எனக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

நீ சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாய். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை எந்த முதலாளியும் உன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. "கிளட்ச்சைத் தீச்சவன்தானே?" என்பார்களாம். கடைசியில் பச்சைத்தோல் லாரி ஓட்டினாய். பேரணாம்பட்டு டீக்கடையில் பார்த்தபோதும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மகளுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்டாய். என் டீக்கும் நீயே காசு கொடுத்தாய்.

போன வருஷம் ஜோலார்பேட்டை ரோட்டில் உனக்கு நெஞ்சு வலி. லாரியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் இழுத்து, நியூட்ரல் போட்டுவிட்டுத்தான் உயிரை விட்டாய் என்றார்கள். உன்னையா வண்டி ஓட்டத் தெரியாதவன் என்றது இந்த ஊர்!

இன்று சின்னவர் புது டிரைவருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். "பழைய டிரைவர் மாதிரி கிளட்ச்ல காலை வெச்சு ஓட்டாதே."

எனக்கு என்ன வந்ததோ, லோடு இறக்குகிறவர்கள் எல்லோரும் பார்க்க நேரே போய் நின்றேன். "சார், இந்த வண்டில கிளட்ச் பெடலே இல்ல. அவன் மேல தப்பு இல்ல. ரிவர்ஸ்ல ஏத்தச் சொன்ன நீங்கதான் தீச்சீங்க."

மறுப்பார் என்று நினைத்தேன். அவர் பல்லைக் காட்டினார். "பெடல் இல்லேன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு அப்பாகிட்ட யாரையாவது காட்டணுமில்ல? உனக்கும்தான் அன்னிக்கே தெரியும். நீ ஏன்யா சொல்லல?"

அந்த ஆளை அருவருப்பதற்கு எனக்கு அரை நிமிஷம்கூட மிச்சமில்லை. மொத்த அருவருப்பும் என் பக்கமே திரும்பிவிட்டது. ஷெட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினேன். இத்தனை காலமாக என்னோடு வருவது உன் கேள்விதான். ஒரே ஒரு வார்த்தை கேட்டாய், அதை நீ உயிரோடிருக்கும்போது நான் தரவில்லை.

இல்லை தோஸ்த். அந்த வண்டியில் கிளட்ச் பெடல் இல்லை.