உன் பேரில் நடத்திய ரிலீஸ் போட்டி

என் கோபத்துக்கும் பிரியத்துக்கும் உரிய ஸ்டெல்லாவுக்கு,

கோபத்தை முன்னால் போட்டது தெரிந்தேதான். நீ போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் இந்த ஊரில் கார்டு ஆடுகிற ஒவ்வொருத்தனும் உன் பேரைச் சொல்லித்தான் என்னோடு வாதாடுகிறான். "ஸ்டெல்லா இருந்திருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டா." நீ போட்டி நடத்தியபோது உன் தீர்ப்பை ஒருத்தனாவது முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டானா, சொல்லு? ரூல் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாலும் உன்னை நம்பாதவர்கள்தான், இப்போது உன்னையே ரூல் புத்தகமாக்கி வைத்திருக்கிறார்கள்.

இதை நம் ஆட்டக்காரர்கள் படிக்கிற இணையக் குழுவில் போடப் போகிறேன். எல்லாரும் படிக்கட்டும். ஆனால் பேசுவது உன்னோடுதான்.

சாதாரணக் காய்ச்சல் என்றுதானே கம்ப்யூட்டர் சென்டருக்கு லீவு போட்டாய்? ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகிவிடும், ஹாலுக்குச் சொல்லி வை என்று போனில் சொன்னாய். நான் சொல்லியும் வைத்தேன். பிறகு ரத்தத்தில் தட்டணு இறங்குகிறது என்றார்கள், ஐ.சி.யூ. என்றார்கள். புது செட் கார்டுப் பெட்டிகள் பம்பாயிலிருந்து வந்து சேர்ந்தபோது நீ இல்லை. கூரியர்காரன் உன் கையெழுத்து வேண்டும் என்று கேட்டான். அவனிடம் என்ன சொல்வது? நானே போட்டு வாங்கினேன்.

அந்த ரிலீஸ் போட்டியை ரத்து செய்துவிட்டோம். அடுத்த செட் வந்தபோது பசங்க எல்லாம் கூடிப் பேசி, உன் பேரில் ஒரு கப் வைத்து நடத்தலாம் என்றார்கள். எனக்கு இஷ்டமில்லை. உன் போட்டோவை மாலையோடு மேசையில் வைத்துவிட்டு அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரவுண்டு ரவுண்டாக யாருக்கு எதிர் யார் என்று ஜோடி போட என்னால் முடியுமா என்று பயந்தேன். ஆனால் உன் தம்பி ஆன்டோ வந்து நின்றான். "வைங்கக்கா. அவளுக்குன்னு வேற என்ன இருக்கு இந்த ஊர்ல" என்றான். அதற்குப் பிறகு ஹாலுக்குச் சொல்லிவிட்டேன்.

ரிலீஸ் போட்டி என்றால் என்ன என்று தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. புது செட் வெளிவரும் வாரம் எல்லாரும் ஒரு இடத்தில் கூடுவோம். ஆளுக்கு ஆறு பாக்கெட். அங்கேயே பிரித்து, வந்த கார்டை மட்டும் வைத்துக்கொண்டு டெக், அதாவது ஆடுவதற்கான கட்டு, கட்டி ஆட வேண்டும். வீட்டில் பெட்டி பெட்டியாக நல்ல கார்டு வைத்திருப்பவனுக்கும் ஒன்றுமே இல்லாதவனுக்கும் அன்றைக்கு ஒரே கதிதான். ஒயிட்ஃபீல்டில் ஐ.டி. கம்பெனி பஸ்ஸில் போய் இறங்குகிறவனும், ஜீவனஹள்ளியிலிருந்து நடந்து வருகிற நானும் ஒரே மாதிரி பாக்கெட்டைத்தான் பல்லால் கிழிப்போம். மற்றப் போட்டிகளை விட இதுதான் உனக்குப் பிடிக்கும். இதில்தான் நியாயம் இருக்கிறது என்பாய். அந்த வார்த்தைதான் என்னை இந்தப் பாடு படுத்துகிறது.

பிரேசர் டவுனில் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற அதே ஹால். வாட்ச்மேன் வழக்கம்போல "இஸ்பீட் ஆட்டானா?" என்று, சீட்டாட்டமா என்று கன்னடத்தில் கேட்டார். இது சூதாட்டம் இல்லை என்று ஒவ்வொரு தடவையும் அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபேனில் பாதி ஓடவில்லை. சென்னையிலிருந்து வருவதாகச் சொன்னவர்கள் ரயிலைத் தவறவிட்டுவிட்டு, வரும்வரை நிறுத்தி வை என்று போன் மேல் போன். முதல் ரவுண்டிலேயே ஒரு கார்டில் எழுதியிருப்பதன் அர்த்தத்தைப் பற்றி இரண்டு பேருக்குச் சண்டை. நான் தீர்ப்புச் சொன்னேன். தோற்றவன் உன் போட்டோவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். அப்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உன் அம்மாவை நான்தான் வற்புறுத்திக் கூட்டி வந்திருந்தேன், கப்பை அவர் கையால் கொடுக்க வேண்டும் என்று. பூசை முடிந்து வெள்ளைப் புடவையோடு அப்படியே வந்தார். சுவரோரம் ஒரு நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டீ வேண்டாம், பப்ஸ் வேண்டாம். மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆன்டோ அன்றைக்கு ஆடிய ஆட்டம் இருக்கிறதே! ஒவ்வொரு ரவுண்டும் ஜெயித்தான். ஒவ்வொரு தடவையும் திரும்பி அம்மாவைப் பார்த்தான். ஹாலே அவன் பக்கம் இருந்தது. எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். அரை இறுதியில் கார்த்தியோடு ஆடினான். கார்த்தியை உனக்குத் தெரியும். சேலத்திலிருந்து வந்து சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். தோற்றால்கூட எதிராளிக்குக் கை கொடுத்து, கார்டை அடுக்கித் தருவான். ஆன்டோவிடம் தோற்றுவிட்டு என் மேசைக்கு வந்து குனிந்து, மெதுவாகப் பேசினான்.

"மேடம், நான் புகார் சொல்ல வரல. ஆனா அவர் டெக்குல ரேர் கார்டை மட்டும் ஒரு தடவை எண்ணிப் பார்த்துடுங்க."

ரேர் கார்டு, அதாவது பலம் கூடிய அரிய கார்டு, ஒரு பாக்கெட்டில் ஒன்றுதான் வரும். ஆறு பாக்கெட்டுக்கு ஆறு. ஆன்டோவைத் தனியாகக் கூப்பிட்டுப் படிக்கட்டுப் பக்கம் கொண்டுபோனேன். டெக்கை வாங்கி, படியிலேயே பரப்பி எண்ணினேன். எட்டு இருந்தது. மறுபடி எண்ணினேன். மறுபடியும் எட்டுதான். அவன் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு அவனே சொன்னான். முந்தின நாள் கோரமங்களாவில் ஒரு கடையில் இதே செட்டுக்கு ரிலீஸ் போட்டி நடந்திருக்கிறது. அங்கே போய் ஆடி, வந்ததில் நல்லதாக இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். ஏன்டா என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"அவ பேர் போட்ட கப்புக்கா. அது வேற எவன் வீட்டு அலமாரியிலயோ போய் உக்காரக் கூடாது. நம்ம வீட்டுக்கு வரணும்."

நான் படியில் பரப்பிய கார்டைப் பொறுக்கி அடுக்கினேன். பக்கத்திலே ஹாலுக்குள் சிரிக்கிறார்கள், நாற்காலியை இழுக்கிறார்கள். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எல்லாரும் சொல்கிற அதே வார்த்தையை அவனும் சொன்னான்.

"அக்கா இருந்தா விட்டிருப்பா."

விட்டிருப்பாயா? நிஜமாகவே கேட்கிறேன். எனக்குத் தெரிந்த ஸ்டெல்லா, டெக்கில் ஒரு கார்டு கூடுதலாக இருந்ததற்காகத் தன் ஆட்டத்தைத் தானே தோற்றதாக எழுதச் சொன்னவள். எனக்குத் தெரிந்த இன்னொரு ஸ்டெல்லா, அந்தத் தம்பிக்காக அப்பாவிடம் எத்தனை பொய் சொன்னவள் என்பதும் எனக்குத் தெரியும். இந்த இரண்டு பேரில் யாரைக் கூப்பிட்டு நான் கேட்பது?

அவனை வெளியேற்றினேன். ஹாலுக்குள் போய், எல்லாருக்கும் கேட்கும்படி, வெளியிலிருந்து கொண்டு வந்த கார்டு இருந்ததால் ஆன்டோ போட்டியில் இல்லை, இறுதி ஆட்டத்தில் கார்த்தி ஆடுவார் என்று சொன்னேன். நம் காக்ஸ் டவுன் பசங்க எழுந்தார்கள். ஐ.டி. காரன் சொன்னான் என்று நம்ம வீட்டுப் பையனை அவமானப்படுத்திவிட்டேனாம். போட்டோவுக்கு முன்னாலேயே இப்படிச் செய்ய எனக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டார்கள். நாலைந்து பேர் போட்டியைப் பாதியில் விட்டுவிட்டுப் பைக்கைக் கிளப்பிப் போய்விட்டார்கள். ஆன்டோ அவர்களோடு போகவில்லை. அம்மா நாற்காலிக்குப் பக்கத்தில் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

உன் அம்மா, என் ஆன்ட்டி, என்னைக் கூப்பிட்டு என்ன செய்தான் என்று கேட்டார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். இங்கே கொடுத்த கார்டோடு, முன்னாலேயே வைத்திருந்த கார்டையும் கலந்துவிட்டான் என்றேன். அவர் அவனைப் பார்க்கவுமில்லை, என்னைப் பார்க்கவுமில்லை. சரி, நீ போய் உன் வேலையைப் பார் என்று மட்டும் சொன்னார்.

கார்த்திதான் ஜெயித்தான். வேறு யாராவது ஜெயித்துத் தொலைத்திருக்கக் கூடாதா என்று எத்தனை தடவை நினைத்திருக்கிறேன்! அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான். கப்பை வாங்க வந்து நின்றவன் கையை நீட்டவில்லை. இது உங்க வீட்டிலேயே இருக்கட்டும்மா, நான் எடுத்துட்டுப் போகலை என்றான். ஆன்ட்டி கப்பை அவன் நெஞ்சோடு சேர்த்து வைத்துவிட்டார்.

"ஜெயிச்சவன் எடுத்துட்டுப் போறதுக்குப் பேர்தான்பா கப்பு. எடுத்துட்டுப் போ."

அதைச் சொல்லிவிட்டு ஆன்டோவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். என்னிடம் போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. உன் போட்டோவை நான்தான் எடுத்துத் துணியில் சுற்றினேன்.

கதை அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. நடந்ததைக் கார்டு வெளியிடும் கம்பெனிக்கு எழுதி அனுப்ப வேண்டும், அதுதான் விதி. அனுப்பாதே என்று எத்தனை பேர் வீட்டு வாசலுக்கே வந்து கேட்டார்கள் தெரியுமா? என் அப்பாகூட, சாவு வீட்டுக்காரங்க மேல ஏம்மா புகார் என்றார். அனுப்பினேன். ஆறு மாதம் அவன் எந்தப் போட்டியிலும் ஆடக் கூடாது என்று பதில் வந்தது. அன்றிலிருந்து கோல்ஸ் பார்க் பக்கம் என்னைப் பார்த்தால் ஆன்டோ எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிறான். உன் வீட்டு வாசலில் மூன்று தடவை போய் நின்றேன். பெல் அடிக்கத் தைரியம் வரவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த செட்டின் ரிலீஸுக்குப் பாதி மேசை காலி. பிரிக்காத பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். சரியானதைச் செய்தால் மனசு லேசாகும் என்று யார் சொன்னது? எனக்கு ஒன்றும் லேசாகவில்லை. ராத்திரியும் பகலும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆன்டோ மேல், பசங்க மேல், எதையும் சொல்லாமல் போன உன் மேல். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் சரியில்லாத சட்டையை நாள் முழுக்க ஒதுக்கித் தள்ளுகிறவள் நான். ஒருத்தர் முகத்தைப் பார்த்து அதைச் செய்வது வேறு என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

போன சனிக்கிழமை சிவாஜிநகர் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றது ஆன்ட்டி. நான் பையைக் கீழே வைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அவர் மீனைப் புரட்டிப் பார்த்தபடியே பேசினார். ஆன்டோ வீட்டில் யாரோடும் பேசுவதில்லையாம். வேலைக்குப் போகிறான், வருகிறான், படுத்துக்கொள்கிறான். புது செட் வருகிறதாமே, இந்த ஒரு தடவை அவனை ஆட விடக் கூடாதா என்று கேட்டார்.

முடியாது ஆன்ட்டி, தடை முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்றேன். அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியுமே! ஸ்டெல்லா இருந்தால் என்று அவரும் ஆரம்பிப்பார், அவர் சொன்னால் அதற்கு மேல் எனக்குப் போக்கிடம் இல்லை என்று நினைத்தேன். நினைத்தது வாயில் வந்துவிட்டது. நீங்களும் அப்படித்தானே நினைக்கிறீங்க, ஸ்டெல்லா இருந்தா விட்டிருப்பான்னு, என்று கேட்டுவிட்டேன்.

அவர் மீனைக் கூடையில் போட்டார். கையை முந்தானையில் துடைத்தார்.

"எனக்குத் தெரியாதும்மா. ஊர்ல எல்லாருக்கும் தெரியுது. அவ ஆடி ஒரு நாள் நான் வந்து பார்த்ததில்லையே."

இஸ்பீட் மாதிரி ஏதோ சூதாட்டம் என்று நினைத்து இத்தனை வருஷம் வராமலே இருந்துவிட்டேன் என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன், ஏறிப் போனார். நான் மீன் வாடையோடு பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். நடுரோடு என்றுகூடப் பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன், ஸ்டெல்லா. அடுத்த ரிலீஸுக்கு ஆன்ட்டியை வீட்டுக்கே போய்க் கூட்டி வருவேன், இந்தத் தடவை பெல் அடிப்பேன். சுவரோரத்தில் இல்லை, என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன். எந்தக் கார்டு என்ன செய்யும், நீ எப்படி ஆடினாய், கையில் ஒன்றுமே இல்லாதபோதும் எப்படி முகத்தை வைத்துக்கொள்வாய், அவசரப்பட்டு எப்படித் தோற்பாய், எல்லாம் சொல்வேன். ஆன்டோவின் தடை முடிந்ததும் அவனுக்கும் மேசையில் ஒரு இடம் இருக்கும், மற்றவர்களுக்கு உள்ள அதே ஆறு பாக்கெட்டோடு. யார் வந்தாலும் வராவிட்டாலும் நடத்துவேன்.

நீ இருந்தால் என்ன செய்திருப்பாய் என்பதை மட்டும் ஆன்ட்டியிடம் சொல்ல மாட்டேன். அது எனக்கும் தெரியாது.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
கலைச்செல்வி
ஜீவனஹள்ளி