ஷீட்டா, தளமா

ஆகஸ்ட் 18

தார்ப்பாயின் ஓரம் மறுபடியும் கிழிந்திருக்கிறது. வர்தா புயலில் எங்கள் சிமெண்ட் ஷீட் கூரை உடைந்தது. உடைந்த இடத்தைத் தார்ப்பாயால் மூடி மூடியே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். இனி ஓடாது. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் கூரையை மாற்றியாக வேண்டும் என்று விமலிடம் சொன்னேன். என் மகன், ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் இருக்கிறான். "சரி நைனா, கலர் ஷீட்டு போட்டுடலாம்" என்றான்.

அடுப்பங்கரையிலிருந்து காஞ்சனா, "போடு. போட்டுட்டு என்னிய எங்க அக்கா வூட்ல வுட்டுடு" என்றாள்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், என் சம்சாரம் காஞ்சனா எழுதுகிறாள். எட்டாவது வரை படித்தவள். என் பேச்சையெல்லாம் பள்ளிக்கூடத் தமிழாக மாற்றிவிடுகிறாள். வீட்டில் பேசியதை மட்டும் பேசினபடியே விடுவாள், முக்கியமாகத் தன் பேச்சை.

ஆகஸ்ட் 19

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எழுத மாட்டேன் என்றாள். எழுது என்றேன்.

வர்தா அன்று எதிர்வீட்டு மாடியில் போட்டிருந்த கலர் ஷீட் தகரம் பிய்த்துக்கொண்டு பறந்து வந்தது. எங்கள் கூரையில் குத்தியது. சிமெண்ட் ஷீட் பலகை பலகையாக உள்ளே விழுந்தது. காஞ்சனா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தோள்பட்டையில் வடு இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து காற்று கொஞ்சம் ஓங்கினாலே தலையணையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவாள். அது கான்கிரீட் தளம் போட்ட கட்டடம். எங்கள் ஊர் வடக்குப்பட்டில் எல்லோருக்கும் இது சிரிப்பு. எனக்கு இல்லை. புயல் வருகிற நாளில் வீட்டுக்காரி வீட்டில் இருக்க மாட்டாள் என்றால் அது என்ன வீடு?

ஆகஸ்ட் 24

மோகன்ராஜ் வந்தான். வாலாஜாபாத்தில் கூரை வேலை எடுக்கிற மேஸ்திரி. வந்ததும் ஒரு கம்பியால் சுவரைக் குத்திப் பார்த்தான். மண் கொட்டியது.

"இன்னா பெருசு, செங்கல்லுக்கு நடுவுல சிமெண்டே காணம்?"

"மண் சாந்துப்பா. ஏரி மண்ண நாந்தான் மிதிச்சேன்" என்றேன்.

"எனக்கு தளம்தான் வோணும்" என்றாள் காஞ்சனா.

"இந்தச் செவுத்து மேல தளத்த ஏத்துனா புயலுக்கு வேலயே இல்ல, ஆயா. தளமே பாத்துக்கும்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. நான் மறுபடியும் சிமெண்ட் ஷீட்டே போடலாம் என்றேன். வெயிலில் அதிகம் காயாது. உடைந்தால் உடைந்த இடத்திலேயே விழும், ஊர் சுற்றப் போகாது.

"அது ஆஸ்பெஸ்டாஸு, உடம்புக்கு ஆவாது நைனா" என்றான் விமல். "எங்க கம்பெனில பழசெல்லாம் கழட்டிட்டாங்க."

"அதுக்குக் கீயதானேடா நீ வளந்த?"

"அதான் இப்டி கீறான்" என்றாள் காஞ்சனா.

எல்லோரும் சிரித்தோம். ஒன்றும் முடிவாகவில்லை.

ஆகஸ்ட் 25

படுத்தபடி யோசித்தேன். சிமெண்ட் ஷீட் உடைந்தால் நம் தலையில் விழும். கலர் ஷீட் பிய்ந்தால் அடுத்தவன் தலையில் விழும். இரண்டில் எது மேல்? இதை எழுதியதும் காஞ்சனா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ரெண்டுத்துக்கும் நம்ம வூட்லயே தலை கீது" என்று போய்விட்டாள். அதை எழுதவே பிறகு வந்தாள்.

செப்டம்பர் 2

பக்கத்து அறைகள் இரண்டையும் வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஒரே கூரைதான். ஆறு பையன்கள், எல்லோரும் தெற்கத்திக்காரர்கள், கம்பெனி வேலை. அவர்களில் ஆறுமுகநயினார் என்கிறவன் வாய்க்காரன், திருச்செந்தூர்ப் பக்கம். அவனையும் கேட்டேன்.

"எங்க தாத்தா புயலுன்னு சொன்னவொடனே ஓலைக் கூரைய அவுத்துக் கீழ வச்சிருவாரு. போன பொறவு ஏத்திக் கட்டுவாரு" என்றான்.

"அப்ப மழைக்கு?" என்றாள் காஞ்சனா.

"நனைவோம் ஆச்சி."

"வாடகைய குடுத்துட்டு நனையறியா?"

"வாடகையில கொறச்சா நனையுதேன்."

செப்டம்பர் 8

மோகன்ராஜ் மறுபடி வந்தான். இந்தத் தடவை பொறுமையாகச் சொன்னான். எதிர்வீட்டு ஷீட் பறந்தது ஷீட்டின் தப்பு இல்லை. காற்று மேலே இருந்து அமுக்குவது கொஞ்சம், அடியில் புகுந்து தூக்குவதுதான் அதிகம். "ஷீட்ட சட்டத்தோட கட்டணும். சட்டத்த இரும்புக் கம்பத்தோட கட்டணும். கம்பத்துக்கு பூமிக்குள்ள கான்கிரீட்டு போடணும். செவுரு அதுபாட்டுக்கு நிக்கட்டும், அதுக்கு ஒரு வேலையும் குடுக்காத."

கூரை விளிம்பைச் சுவருக்கு வெளியே நீட்டாதே, காற்றுக்கு அது கைப்பிடி மாதிரி என்றான். எனக்கு அது பிடிக்கவில்லை. மண் சாந்துச் சுவருக்கு அந்த விளிம்புதான் குடை. அது இல்லாமல் சாரல் அடித்தால் சுவர் கரையும். இதில் ஒரு மணி நேரம் போனது. கடைசியில் விளிம்பு குட்டையாக, சுவருக்கு வெளிப்புறம் சிமெண்ட் பூச்சு என்று ஒத்துக்கொண்டேன்.

காஞ்சனா வந்து பின்பக்கம் கைகாட்டினாள். பிறகு, "எல்லாத்துக்கும் தளம் வோணான்டா. எனக்கு ஒரே ஒரு ரூமுக்கு போடு" என்றாள்.

பின்பக்கம் தனியாக நாலு தூண் எழுப்பி, இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு ஒரு தள அறை. மற்றதெல்லாம் கலர் ஷீட். இப்படித்தான் முடிந்தது. தோற்றது நானா அவளா, தெரியவில்லை. சிமெண்ட் ஷீட்டைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை என்பது மட்டும் தெரியும்.

செப்டம்பர் 12

புதுத் தொல்லை. ஆவணி முடியப்போகிறது. சாமான் வந்து சேர்வதற்குள் புரட்டாசி பிறந்துவிடும். புரட்டாசியில் கூரை ஏற்றக் கூடாது என்கிறாள் காஞ்சனா. ஐப்பசி வரட்டுமாம்.

எனக்குப் புயல்கள் ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு மீசை முளைத்த வருஷம் வந்தது ஐப்பசியில். விமலுக்கு அம்மை போட்டிருந்தபோது வந்ததும் ஐப்பசியில். வர்தா கார்த்திகைக் கடைசியில். ஐப்பசியில் வேலையைத் தொடங்கினால் கம்பம் நடத் தோண்டிய குழியில் மீன்தான் பிடிக்கலாம். சொன்னேன். அவளும் பிடியை விடவில்லை.

செப்டம்பர் 13

பேச்சு இல்லை. எழுதுவது மட்டும் நடக்கிறது.

செப்டம்பர் 16

இன்று ஆவணி கடைசி நாள். வழியை அவளே கண்டுபிடித்தாள். நல்ல நாளில் ஊருக்குக் கிளம்ப முடியாவிட்டால் ஒரு துணி மூட்டையை மட்டும் முன்கூட்டி வேறு வீட்டில் வைத்துவிட்டு வருவோம், பயணம் தொடங்கியதாகக் கணக்கு. அதே போல ஒரே ஒரு ஷீட்டை மட்டும் இன்று ஏற்றிவிட வேண்டும் என்றாள்.

"ஒரு ஷீட்டையா? கம்பமே நடலியே ஆயா" என்றான் மோகன்ராஜ்.

"பழைய கூர மேல வச்சு கட்டு. மீதி எப்ப வோணா ஏத்து."

அவன் வண்டியில் ஒரே ஒரு ஷீட் வந்தது. காஞ்சனா மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். அவன் ஏணியைக் கிழக்குப் பக்கம் சாய்த்தான், அங்கேதான் வழி. கன்னி மூலையில் வை, தென்மேற்கில்தான் தொடங்க வேண்டும் என்றாள் இவள். அங்கே முருங்கை மரம், ஏணி நிற்காது. அரை மணி நேரம் வாக்குவாதம். முருங்கைக் கிளையை வெட்டினோம்.

கட்டி இறங்கியவன் கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். "பெருசு, இங்க ஆரம்பிச்சா அடுத்த ஷீட்டு இதும்மேல ஏறும். வாடைக் காத்துக்கு மூட்டு மறைவா பூடும். நல்லதுதான்" என்றான்.

"அதுக்காக சொல்லல" என்றாள் காஞ்சனா.

நான்கு நாள் பேசாமல் இருந்தவள் இரவு எனக்குப் பாயசம் வைத்தாள். பறக்கும் என்று எந்த ஷீட்டுக்குப் பயந்தாளோ அதற்கே மஞ்சள் தடவியிருக்கிறாள். இதை எழுதினாயா என்று கேட்டேன். எழுதினேன் என்றாள்.

அக்டோபர் 4

கம்பங்கள் நின்றுவிட்டன. தள அறைக்குத் தூண் எழும்பியிருக்கிறது. புரட்டாசிதான். "ஆவணிலயே ஏத்தியாச்சே" என்றாள்.

அக்டோபர் 19

வேலை முடிந்தது. பழைய ஷீட்டுகளை மூட்டையாகக் கட்டி எடுத்துப் போய்விட்டார்கள். முதல் மழை. ஷீட்டின் மேல் நெல் கொட்டுகிற மாதிரி சத்தம். "டிவியே கேக்கல" என்றான் விமல். காஞ்சனா தள அறையில் கட்டில் போட்டுத் தலையணையை வைத்துவிட்டாள்.

நவம்பர் 27

நாளை மத்தியானம் புயல் கரையைத் தொடும் என்கிறார்கள். மோகன்ராஜ் வந்து எல்லா போல்ட்டையும் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அவளிடம் கேட்டேன், பள்ளிக்கூடமா? "தளம்தான் கீதே" என்றாள்.

நவம்பர் 29

நேற்று எழுத முடியவில்லை.

காலையிலேயே கம்பெனி பஸ் வரவில்லை. விமல் முதல் நாள் ஷிப்டுக்குப் போனவன், அங்கேயே மாட்டிக்கொண்டான். பத்து மணிக்குக் காற்று ஏறியது. காஞ்சனா தள அறைக்குள் போனாள். நான் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பங்கள் முனகின. வீரமாகத்தான் இருந்தேன். பதினொன்றரைக்கு எங்கோ தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. நம்முடையதா, ஊரில் யாருடையதா? நாற்காலியை எடுத்துக்கொண்டு நானும் தள அறைக்குள் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் ஆறுமுகநயினார் கதவைத் தட்டினான். பின்னால் ஐந்து பேர்.

"ஆச்சி, கொஞ்சம் ஒதுங்கிக்கிடுதோம்."

இரண்டு கட்டில் போடுகிற அறையில் எட்டுப் பேர். ஒருவன் போனில் பாட்டு வைத்தான். ஒருவன் கட்டிலில் நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டான். ஆறுமுகநயினார் பேச்சை நிறுத்தவே இல்லை. காஞ்சனா ஒரு மணி வரை பொறுத்தாள். பிறகு எழுந்தாள்.

"எங்க?"

"ஒலை வைக்கணும். இத்தினி பேருக்கும் யாரு சோறு போடறது?"

போனவள் வரவில்லை. சோறு வேக இவ்வளவு நேரமா? எனக்குப் பொறுக்கவில்லை, போய்ப் பார்த்தேன். மேலே ஷீட் அதிர்ந்துகொண்டிருந்தது. நடுமுகட்டில் ஒரு இடத்தில் ஒழுகியது, அதற்கு நேராகக் குண்டான் வைத்திருந்தாள். மோகன்ராஜ் சந்தேகப்பட்ட விளிம்பும் இல்லை, நான் பயந்த சுவரும் இல்லை. சோறு வடித்து முடித்திருந்தது. சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மே, அங்க வா."

"அங்க மூச்சு முட்டுது. இங்க சத்தம் மட்டுந்தான்."

நானும் உட்கார்ந்து உரித்தேன். நான் உரித்ததில் தோல் இருக்கிறது என்று திருப்பித் தந்தாள். நாலு மணிக்குக் காற்று தெற்காகத் திரும்பியது. இருட்டுவதற்குள் அடங்கிவிட்டது.

டிசம்பர் 3

மோகன்ராஜ் முகட்டில் ஒழுக்கை அடைத்துவிட்டான்.

டிசம்பர் 9

மறுபடியும் மழை வருமாம். தள அறைக் கதவைத் திறந்தால் உள்ளே கால் வைக்க இடம் இல்லை. வெங்காய மூட்டை, அரிசி மூட்டை, விமலின் பழைய பீரோ. கட்டிலைக் காணோம். கூடத்தில் ஷீட்டுக்கு நேர் கீழே கிடக்கிறது, தலையணையோடு.

அடுத்த புயலுக்கு எங்கே போவாய் என்று கேட்டேன். "வெங்காயம் நனையக் கூடாதுய்யா" என்று சொல்லிக்கொண்டே இதை எழுதுகிறாள்.